காட்டு வழியும் கற்றளியும்

கொழும்பு கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் கருங்கல்லாலே கம்பீரமாக எழுந்து நிற்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் அதனைக் கற்றளியாகப் புதுக்கினார். அதற்கு ஏறத்தாழ எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே இத்தீவின் உட்பகுதியில் மற்றொரு சிவன் கற்றளி எழுந்தது. அது பொலநறுவையிலே மரநிழலின் நடுவே இன்றும் நிற்கின்றது. அங்குச் செல்லும் காட்டு வழியும், அவ்வழியில் உருளும் துவிச்சக்கரவண்டியுமே இப்பேச்சின் பொருள்.

சோழர் 1017 ஆம் ஆண்டளவில் ஐந்தாம் மகிந்தனைச் சிறைப்பிடித்து, பொலநறுவையைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். அந்நகருக்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டனர். இன்று இரண்டாம் சிவ தேவாலயம் எனத் தொல்பொருளாளர் குறிக்கும் கற்றளி அவர்கள் காலத்தது. அடி முதல் விமானத்துச் சிகரம் வரை கல்லாலேயே அமைந்தது. அதிராசேந்திர சோழனின் காலத்துத் தமிழ்ச் சாசனம் அதனை வானவன் மாதேவி ஈசுவரம் எனக் குறிக்கின்றது. வானவன் மாதேவி முதலாம் இராசராசனின் தேவியாவாள்.

1070 ஆம் ஆண்டளவில் முதலாம் விசயபாகு சோழரை வென்று நகரைக் கைக்கொண்டான். ஆட்சி மாறிய போதும் தமிழ் அந்நகரை விட்டு நீங்கவில்லை. புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காப்பது தம் கடமை என்று வேளைக்காரப் படையினர் உறுதி கூறிய சாசனம் தமிழிலேயே பொறிக்கப்பட்டது. பௌத்தக் கோயிலுக்குத் தமிழ் வீரர் காவல்! அக்கல், இரு மக்களின் கதையும் ஒரே மண்ணில் பின்னிக் கிடப்பதைச் சொல்லும் சாட்சியாகும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே கலிங்க மாகனின் படையெடுப்புக்குப் பின் தலைநகர் வேறிடங்களுக்குப் பெயர்ந்தது. வாவிகள் கரை உடைந்தன. வீதிகளில் மரங்கள் முளைத்தன. 1820 ஆம் ஆண்டிலே பேகன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி அங்குச் சென்ற போது, மாடமாளிகைகள் காட்டினுள்ளே மறைந்து கிடந்தன. 1890 இல் எச். சி. பி. பெல் தலைமையிலே தொடங்கிய தொல்பொருளாய்வு, பின்னர் இந்நகரையும் வெளிக்கொணர்ந்தது. மண்ணிலிருந்து எடுக்கப்பட்ட நடராசர், சுந்தரர், மாணிக்கவாசகர் முதலிய செப்புத் திருமேனிகள் கொழும்பு நூதனசாலைக்கு வந்தன. காட்டின் வேர்கள் சில சுவர்களைப் பிளந்தமை உண்மையே. ஆயினும், கல்லைப் பெயர்த்துச் செல்வோர் கண்ணிலிருந்து பலவற்றை மறைத்துக் காத்ததும் அக்காடேயாம்.

பொலநறுவைச் சிதைவுகள் ஓரிடத்தே குவிந்தவை அல்ல. வடக்குத் தெற்காகப் பல கிலோமீற்றர் பரந்தவை. நிலமோ பெரும்பாலும் சமதரை. ஆகவே, பயணிகள் பலர் துவிச்சக்கரவண்டியை வாடகைக்கு எடுத்துச் செல்கின்றனர். மோட்டார் வண்டியில் விரைவோர் பெரிய கட்டடங்களை மட்டும் கண்டு திரும்புவர். வெயிலில் நடப்போர் பாதி வழியிலே களைப்பர். மிதித்துச் செல்வோனோ நினைத்த இடத்தில் இறங்கலாம். வழியோரக் கல்லில் எழுத்து உண்டா என்று குனிந்து பார்க்கலாம்.

அவ்வண்டியின் வரலாற்றிலும் இந்நாட்டு மண்ணுக்குப் பங்குண்டு. இரண்டு சக்கரமும் ஒத்த அளவுடைய இக்கால வண்டிக்கு, 1885 இல் இங்கிலாந்திலே யோன் கெம்ப் ஸ்டார்லி அமைத்த வண்டியே முன்னோடி. 1888 இல் யோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த ரயருக்கு உரிமை பெற்றார். இறப்பருக்கு உலகெங்கும் தேவை பெருகிற்று. பிறேசில் நாட்டு விதையிலிருந்து முளைத்த இறப்பர்க் கன்றுகள், 1876 ஆம் ஆண்டிலேயே கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடத் தோட்டத்திற்கு வந்து சேர்ந்திருந்தன. பின்னர், 1970களிலே அமெரிக்காவின் கலிபோர்னியாவில், தமல்பாயிஸ் மலைச் சரிவுகளில் இளைஞர் சிலர் பழைய வண்டிகளைத் திருத்தி உருட்டி விளையாடினர். அகன்ற ரயர் கொண்ட மலைப்பாதைத் துவிச்சக்கரவண்டி அவ்விளையாட்டிலே பிறந்தது. 1996 இல் அது ஒலிம்பிக் போட்டியிலும் இடம்பெற்றது.

இவ்வண்டிக்குப் பாதையே வேண்டியதில்லை. வேரும் மேடும் அதற்குத் தடையாகா. சிறப்பும் ஆபத்தும் அங்கேயே உள்ளன. ஈர மண்ணில் சக்கரம் பதிந்த தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகின்றது. நீர் மண்ணை அரித்துச் செல்ல, அடியில் உறங்கிய செங்கல் வெளித்தோன்றுகின்றது. வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்க, அது உதிர்கின்றது. மண்ணடுக்கு ஒவ்வொன்றும் ஆய்வாளருக்கு ஓர் ஏடு. ஏடுகள் கலைந்துவிட்டால், எது முந்தியது, எது பிந்தியது என்று எவராலும் கூறவியலாது. தமல்பாயிஸ் மலையிலேயே, அரிப்பும் நடப்போர் முறைப்பாடும் கண்டு, ஒற்றையடிப் பாதைகள் பல இவ்வண்டிகளுக்கு அடைக்கப்பட்டன.

அநுராதபுர மாவட்டத்து ரிட்டிகலை மலை இதற்கு வேறொரு பாடம் சொல்கின்றது. 766 மீற்றர் உயரமுள்ள அம்மலையின் அடிவாரத்திலே, ஒன்பதாம் நூற்றாண்டில் கந்தலாடை பூண்ட துறவியர் வாழ்ந்தனர். காட்டினூடே செல்லும் அவர்களுடைய பாதை செதுக்கிய கற்களால் பாவப்பட்டது. இடையிடையே வட்ட மேடைகள் உடையது. அது மெல்ல நடப்பதற்கென்றே அமைந்த வழி. அங்குச் சக்கரத்திற்கு வேலை இல்லை. வண்டியை வெளியே நிறுத்திவிட்டுக் காலால் ஏறுவதே அவ்விடத்துக்கு ஏற்ற மரியாதை.

1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திலே, கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குப் பொலநறுவை பாடப்புத்தகப் பெயராகவே நின்றுவிட்டது. இன்று வெள்ளவத்தை இளைஞன் ஒருவன் கோட்டையிலே புகையிரதம் ஏறி அந்நகரை அடையலாம். வண்டி ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். அமைத்த வழியில் அவன் தாராளமாக மிதித்துச் செல்லட்டும். புல் மூடிய மேடு எதிர்ப்பட்டால் இறங்கி விலகிச் செல்லட்டும். வானவன் மாதேவியின் கோயிற் சுவரருகே வண்டியைச் சாய்த்து வைக்காமல், சற்றுத் தூரத்திலே நிறுத்திவிட்டு, அச்சுவரில் உள்ள தமிழெழுத்தைத் தேடிப் பார்க்கட்டும். காடு பல நூற்றாண்டு செய்த காவலை இனி அவனைப் போன்றோரே செய்தல் வேண்டும்.