வெடியுப்புக் கிடங்கில் பிறந்த நரம்பு மருத்துவம்

பிரெஞ்சில் 'சல்பேத்ர்' என்றால் வெடியுப்பு. வெடிமருந்து செய்த இடம் என்பதால் பாரீசில் உள்ள அந்த ஆஸ்பத்திரிக்கு சல்பேத்ரியேர் என்று பெயர். பதினான்காம் லூயி காலத்தில், 1656-ல், அதை ஏழைகளை அடைத்துவைக்கும் விடுதியாக்கினார்கள். பிறகு அது பெண்களுக்கென்றே ஆனது. வயதானவர்கள், வலிப்பு நோயாளிகள், புத்தி பேதலித்தவர்கள், போக்கிடம் இல்லாதவர்கள் என்று இருநூறு வருஷம் கழித்தும் அங்கே சுமார் 5000 பேர் இருந்தார்கள்.

1862-ல் அங்கே ஒரு பிரிவின் தலைமை மருத்துவரானவர் ழான் மர்த்தேன் ஷார்கோ. 1825-ல் பாரீசில் பிறந்தவர். அப்பா குதிரை வண்டி செய்பவர்.

மற்ற ஆஸ்பத்திரிகளில் நோயாளி வருவார், போவார். இங்கே பலரும் சாகும்வரை இருந்தார்கள். ஷார்கோ அவர்களை வருஷக்கணக்கில் பார்த்துக் குறித்துவைத்தார். இறந்த பிறகு மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்துப் பார்த்தார். உயிரோடு இருக்கையில் கண்ட குறியையும் உள்ளே கண்ட கோளாறையும் பொருத்திப் பார்ப்பதே அவர் முறை.

அவர் வீட்டு வேலைக்காரிக்குக் கை விநோதமாக நடுங்குமாம். பீங்கான் தட்டுகள் உடைந்து செலவு ஏறியும் அவளை நிறுத்தவில்லை என்று அவரிடம் படித்த ஃபிராய்டு எழுதியிருக்கிறார். அவள் இறந்த பின் பரிசோதித்தபோது மூளையிலும் தண்டுவடத்திலும் கெட்டித் திட்டுகள் இருந்தன. இன்று மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் என்கிறோமே, அந்த நோய். 1868-ல் அதைத் தெளிவாக விளக்கியவர் ஷார்கோ. சும்மா இருக்கும்போது நடுங்கும் கை வேறு, எதையாவது எடுக்கப் போகும்போது நடுங்கும் கை வேறு என்று பிரித்துக் காட்டினார். முதல் வகைக்கு, 1817-ல் அதைப் பற்றி எழுதிய ஆங்கில மருத்துவர் பார்க்கின்சனின் பெயரை வைக்கச் சொன்னவரும் இவரே. ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த தசைச் சிதைவு நோயைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் 'ஷார்கோ நோய்' என்றே சொல்கிறார்கள். 1882-ல் நரம்பு நோய்களுக்கென்றே தனிப் பேராசிரியர் பதவி உண்டாகி, அவருக்குக் கிடைத்தது.

அவரும் சறுக்கினார். ஹிஸ்டீரியாவையும் இதே கணக்கில் சேர்த்தார். நோயாளிப் பெண்களை மேடையேற்றி, ஹிப்னாடிச உறக்கத்தில் ஆழ்த்தி, கூடியிருந்தோர்முன் காட்டினார். ஆனால் அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கோளாறும் தென்படவில்லை. அந்தப் பெண்கள் மருத்துவர் எதிர்பார்த்ததையே செய்துகாட்டினார்கள் என்ற கண்டனம் அவர் காலத்திலேயே எழுந்தது. 1893-ல் அவர் இறந்தபின் அந்தக் கொள்கையைக் களைந்தவர்களில் முக்கியமானவர் அவருடைய சீடர் பாபின்ஸ்கி. டாக்டர் நம் உள்ளங்காலைக் கீறி, கட்டைவிரல் மேலே போகிறதா என்று பார்ப்பது, 1896-ல் அந்தச் சீடர் சொன்ன சோதனைதான்.

நம் வயதில் கை நடுங்கினால் உடனே பார்க்கின்சன் என்று பயப்பட வேண்டாம். கை எப்போது நடுங்குகிறது, மடியில் சும்மா கிடக்கும்போதா, காபி டம்ளரைத் தூக்கும்போதா என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். அவருக்கு அது பெரிய உதவி. அந்த வித்தியாசத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள், வெளியே போக வழியில்லாமல் சல்பேத்ரியேரில் இறந்த ஏழைப் பெண்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.