அடிமை ஒழிப்பும் தோள்சீலைக் கலகமும்: தென்திருவிதாங்கூரில் சட்டமும் மோதலும்

1836ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்க் குடிக்கணக்கு 12,80,668 மக்களுள் 1,64,864 பேரை அடிமைகளாகப் பதிந்துள்ளது. ஏறத்தாழ எட்டுப்பேரில் ஒருவர். அமெரிக்காவில் அடிமைமுறை பற்றிய பூசல் 1861இல் உள்நாட்டுப் போராக வெடித்து, அப்போர் ஓய்ந்த 1865இல்தான் நாடு முழுமைக்குமான ஒழிப்புச் சட்டமாக நிலைபெற்றது. திருவிதாங்கூரில் வரிசை தலைகீழானது. சட்டம் 1855இலேயே வந்தது; மோதல் அதன்பின் வந்தது. அதுவும் அடிமைமுறையின் பெயரால் அன்று, பெண்களின் மேலாடையின் பெயரால் வந்தது.

இதனை விளங்கிக்கொள்ள நிலத்தின் வேறுபாடு நோக்கத்தக்கது. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களாகிய நாஞ்சில் நாடு நெல்வயல் சார்ந்தது. புலையரும் பறையரும் வயலோடு பிணிக்கப்பட்டிருந்தனர். அருமனையை உள்ளடக்கிய விளவங்கோடு வட்டமோ பெரிதும் மேட்டுநிலமும் பனையும் சார்ந்தது. இங்குப் பனையேறி வாழ்ந்த சாணார் (இன்றைய நாடார்) சட்டப்படி அடிமைகள் அல்லர். எனினும் கூலியற்ற ஊழியமும் தலையிறையும் அவர்கள்மேல் சுமத்தப்பட்டிருந்தன. விற்கப்படக்கூடியவருக்கும் ஊழியத்துக்கு இழுக்கப்படக்கூடியவருக்கும் பொதுவாக இருந்தது மார்பை மறைக்கக்கூடாது என்னும் தடை. உடலே ஒருவரது நிலையைக் காட்டும் ஆவணமாக இருந்தது.

அரசி கௌரி லெட்சுமிபாயின் 1812 ஆணை அடிமை வாணிகத்தைத் தடுத்தது. ஆனால் நிலத்தோடு இணைந்த அடிமைகளை விலக்கி வைத்தது. பெரும்பாலோர் அவ்விலக்கினுள் அடங்கியோரே என்பதால் ஆணையின் பயன் சிறிது. 1829 பிப்ரவரி 3ஆம் நாள் பிரகடனம் கிறித்தவப் பெண்களுக்குக் குப்பாயம் அணிய இசைவளித்து, மேல்சாதியினர்போல் தோள்சீலை இடுவதைத் தடுத்தது. ஊழியம் வழக்கம்போல் தொடரவேண்டும் எனவும் வலியுறுத்தியது. ஆடையும் உழைப்பும் ஒரே ஆணையில் இடம்பெற்றமை தற்செயலன்று. இதே காலத்தில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் தொடங்கிய லேஸ் பின்னல் வேலையில் ஈட்டிய பொருளைக் கொண்டு அடிமைப் பெண்கள் தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். அணிய மறுக்கப்பட்ட நூலே அவர்களுக்கு மீட்புப்பொருள் ஆயிற்று.

பிரிட்டிஷ் இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் நிறைவேறியபின், 1847இல் மிஷனரிகள் உத்திரம் திருநாள் மகாராஜாவிடம் விண்ணப்பம் அளித்தனர். 1853 பிரகடனம் அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகளை மட்டும் விடுவித்தது. 1855 ஜூன் 24ஆம் நாள் பிரகடனமே தனியார் அடிமைகளையும் தொட்டது. அடிமை என்னும் காரணம் காட்டி ஒருவர்மேல் கொண்டாடும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கா என்பதே அதன் சாரம். நிலம் வழங்குவது பற்றிய ஏற்பாடு ஏதும் இல்லை. உடைமையாளர் இழந்தது வழக்காடும் உரிமையை. விடுதலை பெற்றவர் உழவேண்டியது அதே வயலை.

எழுத்தில் தளர்ந்த மேலாண்மை தெருவில் இறுகியது. 1858 அக்டோபரில் மேலாடை அணிந்த பெண்கள் சந்தைகளில் தாக்கப்பட்டனர். வழிபாட்டு இல்லங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. டிசம்பர் 27 அன்று திவான் மாதவராவ் விடுத்த அறிவிப்பு தாக்கியோரைக் கண்டித்ததோடு, பழைய வழக்கத்தை மீறியோரையும் எச்சரித்தது. நடுநிலைபோல் தோன்றும் இவ்வறிவிப்பு உண்மையில் வழக்கத்தின் பக்கமே சாய்ந்தது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவிலியனின் அழுத்தத்துக்குப் பின்னரே 1859 ஜூலை 26ஆம் நாள் பிரகடனம் வந்தது. சாணார் பெண்கள் குப்பாயமோ, முக்குவப் பெண்கள்போல் முரட்டுத் துணியோ அணியலாம். மேல்சாதிப் பெண்களைப்போல் மட்டும் அணியலாகாது.

இப்பிரகடனத்தைத் தோள்சீலைப் போராட்டத்தின் வெற்றியாகக் கொள்ளும் வழக்கம் முழுதும் தவறன்று. ஆயினும் அதன் வாசகம் பெயர் சுட்டுவது சாணார் பெண்களை மட்டுமே. நான்காண்டுகளுக்கு முன் சட்டம் விடுவித்த புலையர், பறையர் குலப் பெண்கள் அதில் இடம்பெறவில்லை. ஊழியத்துக்கு ஆட்பட்டோருக்குக் கிட்டிய சலுகை, விற்கப்பட்டோரின் பெயர் சொல்லி வழங்கப்படவில்லை. அவர்களுள் புலையர் குலப் பெண்கள், அடிமை அடையாளமாகக் கழுத்தில் கிடந்த கல்மாலைகளைக் கொல்லத்தையடுத்த பெரிநாட்டில், அய்யங்காளி முன்னெடுத்த இயக்கத்தின்போது அறுத்தெறிந்த ஆண்டு 1915.