கூற்றும் கேட்போரும்

புனைகதை எழுத உட்காருகிறவர் முதல் வரியிலேயே ஒரு தீர்ப்புச் சொல்லியாக வேண்டும்: கதையை ‘நான்’ சொல்வதா, ‘அவன்’, ‘அவள்’ என்று சொல்வதா? தன்மையில் சொன்னால் நெருக்கம், படர்க்கையில் சொன்னால் விரிவு என்று ஒரு வாய்பாடு நெடுநாளாகப் புழங்குகிறது. தமிழில் எழுதுகிறவருக்கு அது பாதி வழிகூடத் துணைக்கு வராது.

‘வந்தேன்’ என்று எழுதினால் வந்தது ஆணா பெண்ணா, பெரியவரா சிறியவரா என்று தெரியாது. படர்க்கைக்குப் போனதும் வந்தான், வந்தாள், வந்தார் என்பவற்றுள் ஒன்றைப் பொறுக்கித்தான் தீர வேண்டும். பண்ணையாரை ‘அவர்’ என்றும், அவர் நிலத்தில் ஏர் பிடிக்கும் கிழவரை ‘அவன்’ என்றும் எழுதிய கதைகளுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. இந்த ஏற்றத்தாழ்வு தன்மைக் கதையில் வந்தால் பேசுகிற பாத்திரத்தின் குணம் என்று எடுத்துக்கொள்ளலாம். படர்க்கையில் வந்தால் அது ஆசிரியர் கணக்கில்தான் ஏறும்.

இன்னொரு சிக்கல் நடை. படர்க்கைக் கதைசொல்லி எழுத்துத் தமிழிலேயே காலந்தள்ளலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ‘நான்’ என்று ஒருவர் வாய் திறந்தாலோ எந்த ஊர், எந்தத் தெரு என்று வாசகர் காதைத் தீட்டிக்கொள்கிறார். 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் வேதநாயகம் பிள்ளை நாயகனையே கதை சொல்ல வைத்தார். ஆனால் பிரதாபன் பேசும் பல இடங்களில் மாயூரம் முன்சீப்பாக இருந்த ஆசிரியரின் குரல்தான் கேட்கிறது. தன்மை என்றால் நெருக்கம் என்பது அப்போதே பொய்த்துப்போன கணக்கு.

இதற்கு மாறான சான்று ஜெயகாந்தனிடம் இருக்கிறது. 1966இல் ஆனந்த விகடனில் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ படர்க்கைக் கதை. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருந்த கல்லூரிப் பெண் யாரோ ஒருவனின் காரில் ஏறிக் கெட்டு வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அணைத்துக்கொள்கிறாள். தாயின் மனம் மாறுவதை ஊர் அறியாது. வாசகர் மட்டும் கூடவே நின்று பார்க்கிறார். அதற்குப் படர்க்கை தேவைப்பட்டது.

பிறகு இதே கதையை ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலாக எழுதியபோது ஜெயகாந்தன் தாயைக் கூச்சலிட வைத்தார். அந்த ஒரு மாற்றத்தில் கதையின் இருக்கையே மாறிவிட்டது. மன்னிக்க ஆளில்லாத அந்தப் பெண், நாவலில் கங்கா, அவள்தான் இனிப் பேச வேண்டும். அக்கிரகாரத்துப் பேச்சு நடையில், படித்து உத்தியோகம் பார்க்கும் பெண்ணின் எரிச்சலோடும் எகத்தாளத்தோடும் அவள் பேசுகிறாள். போதாததற்கு, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாக அந்தப் பழைய சிறுகதையே நாவலுக்குள் வர, அதை அவள் படிக்கவும் செய்கிறாள். படர்க்கையில் ‘அவள்’ ஆக இருந்தவள் தன்மையில் எழுந்து தன் கதையைத் தானே வாசிக்கிறாள். தமிழில் இந்த வித்தையை இவ்வளவு துணிவாக வேறெவரும் செய்ததாக எனக்குப் படவில்லை.

கங்கா யாரிடம் பேசுகிறாள்? இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியச் செய்யுளியல் உறுப்புகளை அடுக்கும்போது ‘கூற்று’ என்பதற்கு அடுத்தே ‘கேட்போர்’ என்பதை வைக்கிறது. அகப்பாட்டில் புலவர் தன் குரலில் பேசுவதில்லை. தலைவியோ தோழியோ செவிலியோ யாரோ ஒருவரிடம் பேசுவார்கள். தலைவன் சிறைப்புறத்தில், அதாவது வேலிக்கு வெளியே, நிற்கிறான் என்று தெரிந்தே தலைவி தோழியிடம் பேசும் துறை ஒன்று உண்டு. சொல்வது ஒருவருக்கு, போய்ச் சேர வேண்டியது இன்னொருவருக்கு. வீட்டில் கேட்க ஆளில்லாத கங்காவின் பேச்சுக்கு வேலிக்கு வெளியே நிற்பவர் வாசகர்தான்.

கேட்போர் யார் என்று தெரிந்தால் கூற்று தானாக அமையும் என்பதற்குச் சுந்தர ராமசாமியின் பாலுவைப் பார்க்கலாம். ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981) நாவலில் பாலு வளர்ந்த எழுத்தாளன். எதிரே தமிழ் இலக்கிய உலகம் இருக்கிறது. அதைச் சீண்டுவதும் அதனிடம் வாதாடுவதும்தான் அவன் வேலை. அங்கே ‘நான்’ பொருந்துகிறது. ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ (1998) நாவலில் அவன் 1930களின் இறுதியில் கோட்டயத்து வீட்டில் வளரும் சிறுவன். பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவது அவன் காதில் அரைகுறையாக விழுகிறது; தான் பட்டதை எடுத்துச் சொல்ல அவனுக்கு ஆளும் இல்லை, சொல்லும் இல்லை. சுந்தர ராமசாமி அந்த நாவலைப் படர்க்கையில் எழுதினார்.