மன்னார் முத்தும் எக்ஸ்-கதிர்ச் சான்றும்

திருக்கேதீஸ்வரம் அமைந்த மாதோட்டத்தின் பழைமையை ஆராய்வோர் தேவாரத்தையும் தொல்பொருளையும் யவனர் குறிப்புகளையும் சான்றாகக் கொள்வர். அதன் தெற்கே, அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளுக்கு அப்பாலுள்ள பார்களில் விளைந்த முத்தோ தன் பிறப்புக்குரிய சான்றைத் தன்னுள்ளேயே கொண்டுள்ளது.

யப்பானிய வளர்ப்பு முத்தே மன்னார்ச் சலாபத்தை அழித்தது எனக் கூறப்படுவதுண்டு. காலவரிசை இதற்கு இடந்தரவில்லை. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. 1906இல் ஒரு கம்பனி பார்களை இருபதாண்டுக் குத்தகைக்குப் பெற்றது. 1907க்குப் பின் பார்கள் வறண்டன, கம்பனியும் கலைந்தது. வளர்ப்பு முத்து இலண்டன் சந்தையைக் கலக்கியதோ 1921இலேயே ஆகும்.

அம்முத்தின் உள்ளே இருந்தது, நன்னீர்ச் சிப்பியோட்டிற் கடைந்த மணி. அதன்மேற் படிந்த போர்வை மெய்யான முத்துப்படலமே. ஆகவே கண்ணாற் கண்டறிதல் அரிதாயிற்று. இங்கு துணைநின்றது, 1912இல் லாவே என்பார் வழிகாட்டிய எக்ஸ்-கதிர்க் கோணல் முறையாகும்.

ஒழுங்கின்றிக் கிடக்கும் நுண்பளிங்குகளூடே ஒருநிறக் கதிர் சென்றால், ஒளிப்படத் தட்டில் ஒருமைய வளையங்கள் தோன்றும். முத்தும் எண்ணற்ற நுண்பளிங்குகளின் திரளாதலின், அதிலும் எவ்வித ஒழுங்கும் புலப்படாதென எண்ணத் தோன்றும். ஆயின், மையத்தினூடே பல அலைநீளங்களைக் கொண்ட கதிரைச் செலுத்தியபோது இயற்கை முத்து அறுகோண ஒழுங்கிற் புள்ளிகளைக் காட்டிற்று. அரகனைற்றுப் பளிங்குகள் வெங்காயத்தோல்போல் அடுக்கி, அச்சுகள் மையத்தை நோக்க நிற்பதே காரணம். முத்தை எப்பக்கந் திருப்பினும் இவ்வடிவம் மாறாது. மணியின் படைகளோ ஒன்றற்கொன்று சமாந்தரமானவை. கதிர் படைகளுக்குச் செங்குத்தாயின் அறுகோணமும், படைகளின் வழியே சென்றால் நாற்புள்ளி வடிவமும் தோன்றும். எனவே ஒரு படம் போதாது. செங்கோணத்தில் இரண்டாவது படமும் வேண்டும். 1920களில் பிரான்சிய ஆய்வாளர் இம்முறையை முத்துச் சோதனைக்குக் கொணர்ந்தனர். மணியின்றி வளர்க்கும் முத்துக்கு இது பயன்படாது.

தமிழரான சி. வி. இராமனும் 1930களிற் சிப்பியின் வானவிற் சாயலையும், 1954இற் கிருஷ்ணமூர்த்தியுடன் முத்தின் ஒளியியலையும் பெங்களூரில் ஆராய்ந்தார்.

ஆனால் இயற்கை முத்தின் மெய்ம்மையை நிறுவும் கருவி வந்தபோது, மன்னாரில் நிறுவ முத்தே அரிதாயிருந்தது. 1925இற் சலாபம் கூடியபோதும் பழைய வளம் திரும்பவில்லை. வளர்ப்பு முத்து சலாபத்தைக் கொன்றதன்று. கடல் கைவிட்ட தொழிலை மீண்டும் எழுப்பும் ஊக்கத்தையே அது பறித்தது. சலாபத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் தேடுவோர் யப்பானை நோக்குமுன் பார்களையே நோக்குதல் வேண்டும்.