பிரேக்குக் குழாய் (தாமே கட்டும் வானூர்தி)

தாமே கட்டும் வானூர்திகளில் பிரேக்குக் குழாய் என்பது, கால்மிதி தரும் அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குக் கடத்தும் மெல்லிய குழாய் ஆகும். பர்ட் ரூட்டான் வடிவமைத்து 1979 இல் முதலில் பறந்த லாங்-ஈசீ வானூர்தியின் வரைபடங்களில் இது நைலானால் ஆனது. அவ்வடிவமைப்பைத் தழுவியே பெங்களூரிலுள்ள தேசிய வானூர்தியியல் ஆய்வகம் தன் இலகு கனார்டு ஆய்வு வானூர்தியைக் கட்டி 1987 இல் பறக்கவிட்டது.

இடர்

லாங்-ஈசீயின் முன்சக்கரத்தை விமானியால் திருப்ப இயலாது. அது தானாகவே திரும்பும். ஆகவே தரையில் மெதுவாகச் செல்கையில் திரும்புவதற்கும் ஒருபக்கப் பிரேக்கையே மிதிக்க வேண்டும். நெடுந்தூரம் இவ்வாறு ஓட்டினால் பிரேக்கு வட்டு கடுமையாகச் சூடேறும். அருகிலுள்ள நைலான் இளகி வெடித்தால், எண்ணெய் வட்டின் மீது பீறிட்டுத் தீப்பற்றலாம்; அப்பக்கப் பிரேக்கும், அதனுடன் திசைதிருப்பலும் போய்விடும். சக்கரக் கால் கண்ணாடியிழையாலும் எப்பாக்சிப் பிசினாலும் ஆனது என்பதால் அதுவும் வெப்பத்தில் இளகக்கூடும்.

மாற்றம்

வட்டை ஒட்டிய பகுதியிலாவது உலோகக் குழாயோ, எஃகுக் கம்பிப் பின்னலிட்ட டெஃப்லான் குழாயோ பொருத்துவர். குழாயை மட்டும் மாற்றுவது அரைவேலையே. பழைய 5606 வகை எண்ணெயின் தீப்பற்றுநிலை குறைந்தது 82 °செ. 83282 வகைக்கு அது 205 °செ. தானுந்துப் பிரேக்கு எண்ணெயை ஊற்றலாகாது. அது இவ்வமைப்பின் இரப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். இறுதியில் கீழிருந்து மேலாக எண்ணெயைச் செலுத்திக் காற்றுக் குமிழிகளை நீக்கி, கால்மிதியை அழுத்திப் பிடித்து ஒவ்வோர் இணைப்பிலும் கசிவு உள்ளதா எனப் பார்ப்பர்.