எண்ணெய்ப் பொறி

உணவகச் சமையலறைக் கழிவுநீர் சாக்கடைக் குழாயில் சேருமுன் அதிலுள்ள எண்ணெயையும் கொழுப்பையும் பிரித்துத் தடுக்கும் தொட்டி. பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியிலோ கடைக்கு வெளியே தரைக்குக் கீழோ இதைப் பொருத்துவர். உள்ளே நீரோட்டம் மெதுவாகும். எண்ணெய் மிதக்கும், சோற்றுப் பருக்கையும் மசாலா வண்டலும் அடியில் தங்கும், நடுநீர் மட்டும் வெளியேறும்.

மலேசியாவின் சாலாக் செலாத்தான், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பகுதிகளின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் மாமாக் கடைகளுக்கும் (இந்திய முஸ்லிம் உணவகங்கள்) இது இன்றியமையாதது. தேங்காய்ப்பால் குழம்பும் பொரித்த எண்ணெயும் சூட்டில் இளகி ஓடி, குழாயில் ஆறியதும் உறைகின்றன; கழிவுநீரிலுள்ள கால்சியத்துடன் சேர்ந்து கல்போல் இறுகுகின்றன. 2017-இல் லண்டன் வொயிட்சேப்பலில் 250 மீட்டர் நீளத்துக்கு இத்தகைய அடைப்பு கண்டெடுக்கப்பட்டது.

கொதிநீர் ஊற்றுவது தீர்வாகாது. அது அடைப்பைப் பொதுக் குழாய்க்குத் தள்ளிவிடும். கழுவுநீரை மழைநீர் வடிகாலில் கொட்டுவதும் தீர்வாகாது. மலேசியாவில் அந்த வடிகால் தனி என்பதால், அதில் கொட்டும் நீர் சுத்திகரிக்கப்படாமலே ஆற்றை அடைகிறது. இப்படிக் கொட்டுவது மன்னிக்கத்தகாத வழக்கம்.

தட்டின் மிச்சத்தை முதலில் குப்பையில் வழித்துப் போடுவதே சிறந்த தடுப்பு. தொட்டியில் கால் பங்கு நிரம்புமுன் கொழுப்பையும் வண்டலையும் அள்ள வேண்டும். பழைய சமையல் எண்ணெயைத் தனியே சேர்த்தால் பயோடீசல் தயாரிப்புக்கு விற்கலாம்.