நிலவரியும் சூரியனின் கோடுகளும்

கல்லூரி ஆய்வகத்தில் நிறமாலைமானியை அலமாரிக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். 'ஒடஞ்சா யாருடா காசு கட்டுறது?' என்பதே அதுபற்றி எங்களுக்குக் கிடைத்த முதல் பாடம். முப்பது வருஷம் கழித்து வீட்டிலேயே ஒன்று செய்தேன். செருப்புப் பெட்டி, உள்ளே கறுப்புத்தாள், ஒரு முனையில் இரண்டு சவர பிளேடுகளை நெருக்கி ஒட்டிய பிளவு, மறுமுனையில் சாய்த்துப் பொருத்திய பழைய சி.டி., மேலே கண் வைக்க ஒரு துளை. மில்லிமீட்டருக்கு 625 தடங்கள் உள்ள சி.டி. ஒளியைப் பிரித்துவிடுகிறது. டியூப்லைட்டைக் காட்டினால் பாதரசத்தின் பச்சைக் கோடு (546 நானோமீட்டர்) தனியாக நிற்கிறது. எல்.இ.டி. பல்பில் கோடே இல்லை. வெயிலுக்கு, சூரியனை நேரே பார்க்காமல், வெள்ளைத்தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பிடித்தேன். பிளவை நெருக்க நெருக்க, மங்கலாக ஒன்றிரண்டு கறுப்புக் கோடுகள்.

இவற்றை வொல்லாஸ்டன் 1802இலேயே பார்த்துவிட்டார். 1814இல் தொடங்கி ஐந்நூறுக்கும் மேலாக எண்ணி வரைபடமாக்கியவர் ஜோசப் ஃப்ரான்ஹோஃபர். பாடப்புத்தகம் 'விஞ்ஞானி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். பதினொரு வயதில் அநாதையாகி, மியூனிக்கில் கண்ணாடிப் பட்டறைக்கு வேலை பழகப் போனவர். 1801இல் அந்த வீடு இடிந்து விழுந்தபோது இடிபாட்டிலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர். கோடுகளைத் தேடி அவர் போகவில்லை. லென்ஸ் கண்ணாடியின் ஒளிவிலகலை அளக்க, நிறமாலையில் நகராத அடையாளங்கள் வேண்டியிருந்தன. அவர் வேலை பார்த்த நிறுவனம் நில அளவைக் கருவிகள் செய்தது. அதன் முதலாளிகளில் ஒருவரான உட்ஸ்ஷ்னைடர், 1808இல் பவேரிய அரசு நிலவரிக்காகத் தொடங்கிய அளவைப் பணிக்கும் பொறுப்பேற்றவர். அங்கே வானியல் தொலைநோக்கிகளும் செய்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் உழவனின் வயலை அளந்த கருவியும் சூரியனின் கோடுகளும் ஒரே பட்டறையிலிருந்து வந்தவை; இதை ஏன் யாரும் நமக்குச் சொல்வதில்லை?

பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவர் என்று பவேரிய அகாதெமியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தது. கையால் அறிந்தவன் அறிந்தவனாக மாட்டான் என்கிற அதே பழைய பஞ்சாங்கம். அதற்காக அவரைத் தியாகியாக்கிவிடவும் முடியாது. கோடுகளை 1817இல் அச்சிட்டவர், கண்ணாடி உருக்கும் பக்குவத்தை மட்டும் மூச்சு விடவில்லை. அது தொழில் ரகசியம். அந்தத் தரத்தை எட்ட இங்கிலாந்தில் ஃபாரடே 1820களில் வருஷக்கணக்கில் உலையோடு மல்லுக்கு நின்றார். பூட்டிய அலமாரி இரண்டு பக்கமும் இருந்திருக்கிறது.

பக்குவம் தேவைப்படாத வழியும் அவரிடமிருந்தே வந்தது: 1821இல் 260 மெல்லிய கம்பிகளை இணையாகக் கட்டி ஒளியைப் பிரித்தார். பிறகு புன்சனும் கிர்ச்சாஃபும் சுருட்டுப் பெட்டிக்குள் பட்டகத்தை வைத்துப் பார்த்தார்கள். 1860இல் சீசியம் என்ற புதுத் தனிமம் அகப்பட்டது.

பக்கத்து வீட்டுப் பையன் என் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, 'சி.டி.ய ரெண்டா வெட்டுனா இன்னொண்ணு செய்யலாமே மாமா' என்றான். வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.